திருப்பணி ஓயாத ஊர்

ஜப்பானின் பழைய தலைநகரான நாராவுக்குப் புறப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே இருப்பதிலேயே பழைய கோயில் எது?" என்பதுதான். ஹோர்யூஜி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். உலகில் இன்றும் நிற்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழையவை அந்த வளாகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் வேலை நிமித்தம் ஒசாகாவுக்கு வந்து, விடுமுறை நாட்களில் நாரா ரயிலைப் பிடிப்பது வழக்கமான பிறகு, எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகப் படுகிறது. மரம் உளுத்துப்போகும், எரியும், மழையில் மட்கும். அப்படிப்பட்ட ஒன்றை 1,300 ஆண்டுகள் நிற்க வைத்தவர்கள் யார், எப்படி நிற்க வைத்தார்கள்? இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் நாராவில் சிலைகளுக்குச் சமமாகத் தூண்களும் கைமரங்களும் ஓடுகளும் கண்ணில் படத் தொடங்கும்.

ஹோர்யூஜி இருப்பது நாரா நகரத்துக்கு வெளியே, இகாருகா என்ற சிற்றூரில். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கடைசிப் பகுதி, இருபுறமும் பைன் மரங்கள் நிற்கும் நேர்ப்பாதை. இளவரசர் ஷோதோகு 607-ல் நிறுவிய கோயில் இது. 670-ல் ஒரு கட்டடம்கூட மிஞ்சாமல் எரிந்துபோனதாக 'நிஹோன் ஷோகி' என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அப்படி ஒரு தீ நடந்ததா இல்லையா என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். 1939-ல் வளாகத்தின் தென்கிழக்கில் தோண்டியபோது பழைய கோயிலின் அடித்தளம் கிடைத்தது. நாம் இன்று பார்ப்பது ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நடந்த மறுகட்டுமானம்.

ஆக, உலகின் மிகப் பழைய மரக் கட்டடமே ஒரு திருப்பணிதான்.

ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடியிலிருந்து உச்சிக்கலசம் வரை போகும் அந்தத் தூண், அடுக்குகளின் பாரத்தைத் தாங்குவதில்லை. கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனியே நிற்க, இது அவற்றின் நடுவே தனக்கென்று நிற்கிறது. அதன் அடிக்கல் தரைக்குக் கீழே மூன்று மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 2001-ல் அந்த மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்தவர்கள், அது 594-ல் வெட்டப்பட்ட மரம் என்றார்கள். கோயில் எரிந்ததற்கு முக்கால் நூற்றாண்டு முன்பு! வேறொரு கட்டடத்திலிருந்து எடுத்து வந்த தூணா, எங்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்த மரமா என்று பல விளக்கங்கள் இருக்கின்றன. பழைய மரத்தைத் தூக்கி எறிய மனம் வராத ஒரு தச்சர் அதற்குள் இருந்தார் என்று நினைத்துக்கொள்ளவே எனக்குப் பிடித்திருக்கிறது.

கோபுரத்தின் அடித்தளத்தில் நான்கு பக்கமும் சிறு குகைகள் போல அமைத்து, அவற்றில் களிமண் பொம்மைகளை வைத்திருக்கிறார்கள். 711-ல் செய்தவை. கம்பி வலைக்கு அப்பால் இருட்டாகத்தான் இருக்கும்; கண் பழகும்வரை நின்று பார்க்க வேண்டும். வடக்குப் பக்கம் புத்தர் படுத்திருக்கிறார், பரிநிர்வாணம். முன்னால் சீடர்கள். ஒருவர் மார்பில் அடித்துக்கொள்கிறார், ஒருவர் வானத்தைப் பார்த்து வாய்விட்டுக் கதறுகிறார். பற்றை விட்டவர்கள் என்று சொல்லப்படுபவர்களின் அழுகை அது. ஹோர்யூஜியில் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க நேரம் இருக்கிறது என்றால், நான் அங்கே நிற்கச் சொல்வேன்.

பொன் மண்டபம் என்று அழைக்கப்படும் கோண்டோவுக்குள் 623-ல் வார்த்த, சாக்கியமுனி புத்தரும் இருபுறத் துணைவரும் சேர்ந்த மும்மூர்த்தம் இருக்கிறது. சுற்றுச் சுவர்களில் இருந்த ஓவியங்களை அஜந்தாவோடு ஒப்பிட்டு எழுதாத கலை வரலாற்றாசிரியர் இல்லை. 'இருந்த' என்றுதான் சொல்ல முடியும். 1949 ஜனவரி 26 காலை, பெரும் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது மண்டபத்தின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. ஓவியங்களைப் படியெடுக்கும் பணி நடந்துவந்த காலம். மேல்தளத்தைப் பிரித்து வெளியே வைத்திருந்ததால் அது தப்பியது. சிலைகளும் முன்பே அகற்றப்பட்டிருந்தன. பன்னிரண்டு பெரிய சுவரோவியங்கள் வண்ணத்தை இழந்து கரிக்கோடுகளாக மிஞ்சின. மேலே இருந்த சிறு பலகங்களில் பறக்கும் தேவமாதர் மட்டும், கழற்றி எடுத்து வைத்திருந்ததால், பிழைத்தார்கள். அடுத்த ஆண்டே பண்பாட்டுச் சொத்துகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றும் ஜனவரி 26, பழைய கோயில்களில் தீயணைப்பு ஒத்திகை நடக்கும் நாள். தண்ணீரை வானத்துக்குப் பீய்ச்சி அடிப்பதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். அதற்குப் பின்னால் இந்த ஒரு காலைப்பொழுது இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

அந்தப் பெரும் திருப்பணியில் உளி பிடித்தவர்களில் ஒருவர் நிஷியோகா த்சுனேகாசு. 1908-ல் பிறந்தவர், பரம்பரை பரம்பரையாக ஹோர்யூஜிக்கே வேலை செய்த ஆசாரிகளின் குடும்பம். தொழிற்கல்விப் பள்ளிக்கு அனுப்ப நினைத்த அப்பாவை மறித்து, தாத்தா அவரை வேளாண் பள்ளிக்கு அனுப்பினார். மண் தெரியாதவனுக்கு மரம் தெரியாது என்பது தாத்தாவின் முடிவு. அந்தக் குடும்பத்தில் வாய்மொழியாக வந்த விதிகள் சில உண்டு: மரத்தை வாங்காதே, மலையை வாங்கு, மலையில் தெற்குப் பார்த்து நின்ற மரத்தைக் கட்டடத்திலும் தெற்கில் நிறுத்து. ஒவ்வொரு மரமும் வளர்ந்த இடத்தின் காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ப முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த முறுக்கை அடித்து நேராக்காமல், இடப்பக்க முறுக்கையும் வலப்பக்க முறுக்கையும் ஒன்றோடொன்று பொருத்தினால் கட்டடம் இறுகும். கோபுரத்தின் ஓடுகளை இறக்கியதும், ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் அமுங்கியிருந்த கைமரங்கள் சில நாட்களில் மெல்ல நிமிர்ந்தன என்று அவர் சொல்லியிருக்கிறார். இழைப்புளியால் மேற்பரப்பைச் சீவினால் உள்ளிருந்து ஹினோகி வாசனை வந்ததாம். ஹினோகி என்பது ஜப்பானிய சைப்ரஸ். நாராவின் பழைய கோயில்கள் பெரும்பாலும் அந்த மரத்தின் மேல்தான் நிற்கின்றன.

நிஷியோகாவின் கைவேலையை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் யாகுஷிஜிக்குப் போக வேண்டும்.

யாகுஷிஜியில் இரண்டு கோபுரங்கள். கிழக்குக் கோபுரம் 730-ஐச் சேர்ந்தது. 1528-ல் நடந்த போரில் கோயில் எரிந்தபோது முக்கியக் கட்டடங்களில் அது மட்டும் தப்பியது. மூன்றடுக்குத்தான், ஆனால் ஒவ்வோர் அடுக்குக்கும் கீழே சிறு கூரை ஒன்று இருப்பதால் ஆறடுக்குப் போலத் தெரியும். மேற்குக் கோபுரத்தை நிஷியோகாவின் குழு 1981-ல் கட்டி முடித்தது. ஒன்று சாம்பலும் பழுப்புமாக வெளுத்திருக்கிறது, மற்றொன்று செந்தூரமும் பச்சையுமாக மின்னுகிறது. பழையதன் அருகே இப்படிப் பளபளப்பாக ஒன்றைக் கட்டலாமா என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வருத்தம் இல்லை. கிழக்குக் கோபுரமும் பிறந்தபோது இதே நிறத்தில்தான் இருந்தது. கூர்ந்து பார்த்தால் மேற்குக் கோபுரம் சற்று உயரமாகவும் இருக்கும். மரம் அமுங்கும், நிலம் இறங்கும், சில நூற்றாண்டுகள் கழித்து இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும் என்பது நிஷியோகா போட்ட கணக்கு. அதைச் சரிபார்க்க இன்றிருக்கும் யாரும் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தே போட்ட கணக்கு.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? 1960-களின் இறுதியில் பொறுப்புக்கு வந்த தலைமைத் துறவி தாகாதா கோயின், பெரிய நிறுவனங்களிடம் கையேந்துவதற்குப் பதிலாக ஒரு வழி கண்டார். மக்கள் இதய சூத்திரம் என்ற சிறு பௌத்த மறைநூலைத் தம் கையால் படியெடுத்து, ஓர் ஏட்டுக்கு 1,000 யென் காணிக்கையோடு கோயிலுக்குத் தர வேண்டும். பத்து லட்சம் பிரதிகள் இலக்கு. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பத்து லட்சமும் சேர்ந்தது, பொன் மண்டபம் 1976-ல் எழுந்தது, மேற்குக் கோபுரம் அடுத்து வந்தது. மண்டபத்தின் உட்பகுதியில், சிலைகளைத் தீயிலிருந்து காக்க கான்கிரீட் வைக்க வேண்டும் என்று நிபுணர்கள் முடிவு செய்தார்கள். இரும்பும் சிமென்ட்டும் ஹினோகியின் ஆயுளுக்கு ஈடு கொடுக்காது என்று நிஷியோகா கடைசிவரை வாதாடினார். எனக்கு மனம் நிஷியோகாவின் பக்கம்தான். ஆனால் 1949 காலையை நினைத்தால் அந்த நிபுணர்களையும் குறை சொல்லத் தோன்றவில்லை.

படியெடுக்கும் வழக்கம் இன்றும் நடக்கிறது; யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போகுமுன் யானை வடிவத் தூபக்கலசம் ஒன்றைத் தாண்டிப் போக வேண்டும், புகை உடலைத் தூய்மைப்படுத்துகிறது. கழுத்தில் ஒரு சிறு மேல்துண்டு. வாயில் அடக்கிக்கொள்ள ஒரு கிராம்பு. அம்மாவுக்கு எல்லாவற்றையும்விட அந்தக் கிராம்புதான் பிடித்துப்போனது.

"இங்கயும் கிராம்புதானாடா?" என்றாள்.

"ஆமாம்மா. பேசக் கூடாது, அடக்கிட்டு எழுதணும்."

"பல்வலிக்கும் நல்லது."

பிறகு ஒன்றும் பேசவில்லை. மெல்லிய தாளுக்கு அடியில் தெரியும் எழுத்துகளின் மேல் தூரிகையை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். இருநூற்று எழுபதுக்கும் மேற்பட்ட எழுத்துகள். ஓர் எழுத்துகூட அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் வாசலில் தினமும் கோலம் போட்ட கை அது. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டது. என் தாளைவிட அவளுடையது சீராக இருந்தது. கடைசியில் வேண்டுதலையும் பெயரையும் எழுதும் இடம். "தமிழ்ல எழுதலாமா?" என்று கேட்டாள். அங்கிருந்த அம்மையாரிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே தலையசைத்தார். அந்த ஏடுகளைக் கோயில் தூக்கி எறிவதில்லை, காலத்துக்கும் வைத்துக் காக்கிறது. தமிழில் எழுதிய ஒரு பெயர் யாகுஷிஜியில் இருக்கிறது என்பதில் எனக்குச் சொல்லி முடியாத மகிழ்ச்சி.

யாகுஷிஜியின் கருப்பாக மின்னும் மருத்துவ புத்தர் வெண்கலச் சிலையைப் பார்ப்பவர்கள் பீடத்தைத் தவற விட்டுவிடுகிறார்கள். அதன் விளிம்பில் திராட்சைக் கொடி ஓடுகிறது, கிரேக்கத்திலிருந்து வந்த அலங்காரம் என்கிறார்கள். அதன் கீழே பாரசீகத் தாமரை வரிசை. நடுவே குந்தியிருக்கும் குட்டையான பூதங்கள், சுருட்டை முடி, பருத்த வயிறு. நம்மூர்க் கோயில் அதிட்டானத்தில் பார்த்துப் பழகிய பூதகணங்களின் சொந்தக்காரர்கள். இந்தியாவிலிருந்து வந்த உருவங்கள். கீழே நான்கு திசைக்கும் சீனத்துக் காவல் விலங்குகள். ஒரு பீடத்தில் ஆசியா முழுதும் அடங்கியிருக்கிறது.

பத்து நிமிட நடையில் தோஷோதாய்ஜி. ஐந்து முறை முயன்று தோற்று, கண் பார்வையையும் இழந்து, 753-ல் ஜப்பான் வந்து சேர்ந்த சீனத் துறவி கஞ்சினின் கோயில். அவருடைய உருவச்சிலையை ஜூன் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் திறந்து காட்டுவார்கள். எட்டாம் நூற்றாண்டின் பொன் மண்டபத்தை முழுவதும் பிரித்து அடுக்கி, 2009-ல் வேலையை முடித்திருக்கிறார்கள். மாலையில் போனால் கூட்டம் குறைவு.

நாரா நகரத்துக்குள் வந்தால் முதலில் கண்ணில் படுவது கோஃபுகுஜி. அதன் ஐந்தடுக்குக் கோபுரம் 1426-ல் மறுபடி கட்டப்பட்டது, 50 மீட்டர் உயரம். இப்போது அதைச் சுற்றிச் சாரம் கட்டி, மேலே கொட்டகை போட்டு, நீண்ட திருப்பணி நடக்கிறது. ஏமாற்றத்தோடு திரும்பிப் போகும் பயணிகளைப் பார்த்தேன். ஏமாற வேண்டியதில்லை, இதுவும் அந்தக் கோபுரத்தின் வாழ்க்கைதான். பக்கத்தில் 2018-ல் திறந்த நடு மண்டபம் இருக்கிறது. அதற்கு வேண்டிய பெருந்தூண்களுக்கு ஏற்ற மரம் ஜப்பானில் கிடைக்கவில்லை. ஆப்பிரிக்காவில் காமரூனிலிருந்து வரவழைத்தார்கள். யாகுஷிஜிக்குத் தைவானின் ஹினோகி. பழைய மரபைக் காப்பாற்றுவதற்கு வேறு நாட்டுக் காடு தேவைப்படுகிறது என்பது என்னை உறுத்துகிறது. கோயிலைக் காப்பதென்றால் இருநூறு, முந்நூறு ஆண்டுக்கு முன்பே மரத்தை நட்டிருக்க வேண்டும்.

கோஃபுகுஜியின் அருங்காட்சியகத்தில் நிற்கும் அஷுராவை நாராவின் முகம் என்றே சொல்லலாம். மூன்று முகம், ஆறு கை, சிறுவனின் கவலை தோய்ந்த புருவம். 734-ல் செய்தது. நம் புராணத்து அசுரன்தான். தேவர்களோடு ஓயாமல் போரிட்டவன் இங்கே கைகூப்பி நிற்கிறான். அவனைச் சுற்றிக் கந்தர்வர், கின்னரர், கருடர். களிமண் உருவின்மேல் துணியை அரக்கு தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்த பின் உள்ளே இருந்த களிமண்ணை எடுத்துவிடும் முறையில் செய்ததால் உள்ளே வெற்றிடம்; எடை 15 கிலோ அளவுதான். கோஃபுகுஜி எத்தனையோ முறை தீப்பிடித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் இவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருக்க வேண்டும்.

அங்கிருந்து மான்களுக்கு நடுவே நடந்தால் பெரிய புத்தரின் கோயிலான தோதாய்ஜி.

எட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பானில் பெரியம்மை பரவி மக்கள் மடிந்தார்கள், பஞ்சம், கலகம். பேரரசர் ஷோமு 743-ல் பெரிய புத்தரை வார்க்கப்போவதாக அறிவித்தார். செல்வமும் அதிகாரமும் என்னிடம் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு சிலை செய்வது எளிது, ஆனால் அப்படிச் செய்தால் உள்ளம் நிறையாது என்றது அந்த அறிவிப்பு. ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொண்டுவந்து உதவ நினைப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. எட்டுக் கட்டமாக வார்த்து, சுமார் 500 டன் செம்பு செலவாகி, 15 மீட்டர் உயர புத்தர் உருவானார். அழகான சொற்களோடு சேர்த்து இதையும் சொல்ல வேண்டும்: 757-ல் சதிக் குற்றத்துக்காகப் பிடிபட்ட தாச்சிபானா நோ நாராமாரோ, தோதாய்ஜியைக் கட்டுவதில் மக்கள் துன்பப்படுகிறார்கள் என்று விசாரணையில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஒரு பிடி மண்ணை மகிழ்ச்சியோடு கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள், சுமக்க வைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.

752-ஆம் ஆண்டு நான்காம் மாதம் ஒன்பதாம் நாள், கண் திறக்கும் சடங்கு. பத்தாயிரம் துறவிகள் கூடியதாக வரலாற்று நூல் சொல்கிறது. தூரிகை எடுத்துப் புத்தருக்குக் கண் எழுதியவர் போதிசேனர், தென்னிந்தியாவிலிருந்து வந்த துறவி. சீனா வழியாக 736-ல் ஜப்பான் வந்தவர். 760-ல் இங்கேயே மறைந்தார். அவருடைய சீடர் எழுதிய நினைவுக் கல்வெட்டின் தலைப்பே அவரைத் தென்னிந்திய அந்தணர் என்று சொல்கிறது. சிலைக்குக் கண் திறப்பது நமக்குத் தெரிந்த சடங்கு. ஆனால் இங்கே செய்த ஒன்றை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. போதிசேனர் பிடித்த தூரிகையில் நீலப் பட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். அதன் நீளம் 198 மீட்டர் அளவு. கீழே நின்றவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், கண் திறந்தது அத்தனை பேருடைய கையாலும்.

தூரிகையும் கயிறும் இன்றும் இருக்கின்றன. ஷோசோயின் என்ற மரக் கருவூலத்தில் பேரரசர் ஷோமுவின் பொருட்களோடு சேர்த்து வைத்துக் காத்துவந்தார்கள்; இப்போது அந்தப் பொருட்கள் பக்கத்தில் கட்டிய புதிய காப்பகங்களில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தில், அக்டோபர் இறுதியிலிருந்து இரண்டு வாரம் போல, நாரா தேசிய அருங்காட்சியகத்தில் ஷோசோயின் பொருட்கள் சிலவற்றைக் காட்டுவார்கள். எவை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ஆனால் போதிசேனர் எழுதிய கண்கள் இல்லை. 855-ல் நிலநடுக்கத்தில் புத்தரின் தலை விழுந்தது. 1180-ல் தாய்ரா குலத்தின் படை வைத்த தீயில் கோயில் அழிந்து, புத்தரும் உருகினார். 1567-ல் மறுபடியும் போர், மறுபடியும் தீ. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் முகம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வார்த்தது. எட்டாம் நூற்றாண்டின் வெண்கலம் பெரும்பாலும் கீழேதான் இருக்கிறது, மடியின் பகுதிகளிலும் தாமரை இதழ்களிலும். அந்த இதழ்களில் மெல்லிய கோடுகளாகப் பௌத்த உலகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

1180 தீக்குப் பிறகு மறுகட்டுமானப் பொறுப்பு சோகென் என்ற துறவியிடம் வந்தது. அவருக்கு அப்போது வயது 61. ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். ஜப்பானின் மேற்குப் பகுதியில் சுவோ என்ற அக்கால மாகாணத்தின் காடுகளில் மரம் தேடி, ஆற்றில் தண்ணீரைத் தேக்கித் தேக்கி மரங்களை மிதக்கவிட்டு, கடல் வழியாக நாராவுக்குக் கொண்டுவந்தார். 1185-ல் புத்தருக்கு மறுபடி கண் திறந்தபோது, ஓய்வுபெற்ற பேரரசர் கோ-ஷிரகாவா கையில் எடுத்தது போதிசேனரின் அதே தூரிகை. 433 ஆண்டு கழித்து அதே தூரிகை! தெற்கு வாசலான நந்தாய்மோன் சோகென் எழுப்பியது, 1199. அதன் நடுவே நின்று நேராக மேலே பாருங்கள். மச்சு கிடையாது. தூண்கள் கூரைவரை ஒரே ஓட்டமாகப் போகின்றன, அவற்றை ஊடுருவிக்கொண்டு விட்டங்கள் அடுக்கடுக்காகச் செல்கின்றன. இருபுறமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமான காவல் வீரர்கள், சிற்பிகள் உன்கேய், காய்கேய் குழுவினர் 1203-ல் 69 நாளில் செய்து நிறுத்தியவர்கள். சோகெனின் உருவச்சிலையை ஜூலை 5 அன்று பார்க்கலாம். கூனிய முதுகு, ஒடுங்கிய கன்னம், விரல்களுக்கு நடுவே ஜபமாலை. இவ்வளவு களைத்த முகத்தை வேறெந்தச் சிற்பியும் இத்தனை மரியாதையோடு செதுக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

1567-க்குப் பிறகு அப்படி ஒருவர் உடனே வரவில்லை. புத்தர் பல பத்தாண்டுகள் வெட்டவெளியில், மழையிலும் பனியிலும் உட்கார்ந்திருந்தார். பிறகு கோகேய் என்ற துறவி 1684-ல் பிச்சைப் பாத்திரத்தோடு புறப்பட்டார். மண்டபம் 1709-ல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. பணமும் மரமும் போதாமல் அகலத்தைக் குறைத்தார்கள். பழையது 86 மீட்டர், இது 57. தூண் ஒன்றின் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும், ஒரே மரமல்ல, சிறு மரங்களைச் சேர்த்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். கூரையைத் தாங்கும் இரண்டு பெரும் உத்தரங்களுக்கான மரம் கியூஷு தீவின் மலையில் கிடைத்தது, 23 மீட்டர் நீளத்துக்கு இரண்டு செம்பைன்கள். தூணில் இருக்கும் துளை வழியே பிள்ளைகள் நுழைந்து வருவதைப் படமெடுக்கக் கூட்டம் நிற்கும். அந்த இரும்புப் பட்டைகளை யாரும் படமெடுப்பதில்லை. நான் எடுப்பேன்.

மண்டபத்துக்குப் பின்னால் குன்றின்மேல் நிகாத்சுதோ என்ற இன்னொரு மண்டபம். 752-ல் ஜிச்சூ என்ற துறவி தொடங்கிய ஷுனி-ஏ நோன்பு அங்கே மார்ச் 1 முதல் 14 வரை நடக்கிறது. அன்றிலிருந்து ஓராண்டுகூட விட்டுப்போனதில்லை. 1667-ல் நோன்பின் நடுவிலேயே அந்தக் கட்டடம் எரிந்தது. பக்கத்து மண்டபத்துக்குப் போய்த் தொடர்ந்தார்கள். 2021-ல் பெருந்தொற்றுக் காலத்திலும் நடத்தினார்கள். பதினொரு துறவிகள், மக்கள் எல்லோருடைய பாவத்துக்கும் தாங்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள். தாளால் செய்த மேலாடை அணிகிறார்கள், தாளில் செய்த காமேலியா மலர்களைக் கருணையின் போதிசத்துவரான கன்னோனுக்குச் சார்த்துகிறார்கள். இருட்டியதும் துறவிகளின் உதவியாளர்கள் ஆறேழு மீட்டர் மூங்கிலில் கட்டிய தீப்பந்தங்களைத் தூக்கிக்கொண்டு மரத் தாழ்வாரத்தில் ஓடுவார்கள். பொறி மழையாகக் கொட்டும். மரக் கட்டடத்தில், காய்ந்த மார்ச் மாதத்தில், நெருப்போடு ஓடுகிறார்கள்! கீழே நிற்கும் மக்கள் விழுந்த கருகிய இலைகளைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள், காப்பாக.

பந்தம் அணைந்ததும் கூட்டம் கலைந்துவிடும். எனக்கு முக்கியமானது அதற்குப் பிறகுதான். மண்டபத்தைச் சுற்றியுள்ள சிறு அறைகளில் பொதுமக்கள் உட்காரலாம். உள்ளே எண்ணெய் விளக்கு மட்டும். திரைக்கு அப்பால் நிழல்கள். மரச் செருப்புகளின் தடதடப்பு. "நமு கன்ஜிசாய்" என்று தொடங்கும் ஓதல் வேகமெடுத்து, தேய்ந்து, "நமு கன், நமு கன்" என்று மட்டும் ஆகும்.

5-ஆம் தேதி இரவிலும் 12-ஆம் தேதி இரவிலும் ஒரு பெயர்ப் பட்டியலை வாசிக்கிறார்கள். தோதாய்ஜிக்கு உதவிய இறந்தவர்களின் பட்டியல். முதலில் பேரரசர் ஷோமு. அரசியர், அமைச்சர்கள், துறவிகள். புத்தருக்குக் கண் திறந்த இந்தியத் துறவியின் பெயர் அந்த முன்வரிசையில் வருகிறது. பிறகு வார்ப்பு வேலை செய்தவர்கள், தச்சர்கள், அவரவர் பெயரோடு. பெயர் தெரியாதவர்களையும் விடவில்லை: மரம் தந்தவர்கள் 51,590 பேர், வேலைக்கு வந்து உதவியவர்கள் 16,65,071 பேர், பொன் தந்தவர்கள் 3,72,075 பேர். எண்களாகவாவது ஆண்டுக்கு இருமுறை அழைக்கப்படுகிறார்கள். நம் கோயில்களில் குழல்விளக்கில்கூட 'உபயம்' என்று பெயர் எழுதி வைப்பதைக் கேலி செய்பவர்கள் உண்டு. இதைக் கேட்ட பிறகு என்னால் அந்தக் கேலியில் சேர முடியவில்லை.

வாசிப்பு நூற்றாண்டுகளைக் கடந்து சோகென் காலத்துக்கு வருகிறது. படைத் தலைவராக நாட்டை ஆண்ட ஷோகன் யோரிதோமோவின் பெயருக்குச் சற்றுப் பிறகு குரல் திடீரென்று தாழ்ந்து, நிதானமாகி, "நீல ஆடைப் பெண்" என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு துறவி பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தபோது, நீல ஆடை அணிந்த ஒரு பெண் தோன்றி, "என் பெயரை ஏன் வாசிக்கவில்லை?" என்று கேட்டாளாம். அவள் பெயர் தெரியாத துறவி, கண்ணில் பட்டதை வைத்து அப்படி அழைத்தார். அவள் மறைந்தாள். அன்றிலிருந்து அவளும் பட்டியலில் இருக்கிறாள். அரசருக்கும் ஷோகனுக்கும் குறையாத இடம், ஏன், அதைவிட மெதுவான குரல்.

மார்ச்சில் போக முடிந்தால் 12-ஆம் தேதியைத் தவிர்த்துவிடுங்கள். அன்று பெரிய பந்தங்களுக்காகத் திரளும் கூட்டத்தில் குன்றின்மேல் ஏறவே விடமாட்டார்கள். 5-ஆம் தேதி போங்கள். பந்தங்கள் ஏழு மணிக்கு. முடிந்ததும் கீழே இறங்காமல் மேலே ஏறி, காவலரிடம் கேட்டால் அறைகளுக்கு வழி காட்டுவார். கைபேசியை அணைத்துவிட வேண்டும், படமெடுக்கக் கூடாது. தரை பனிக்கட்டியாகக் குளிரும். இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். வாசிப்பு முக்கால் மணி நேரம் போல நீளும். போதிசேனரின் பெயர் தொடக்கத்திலேயே, 'தென்ஜிகு போதாய் சோஜோ' (இந்தியாவின் போதி, தலைமைத் துறவி) என்று வரும். குரல் அதைச் சட்டென்று கடந்துவிடும், காதைத் தீட்டி வைத்திருங்கள்.